எழுபது வருஷமும் இரண்டு வருஷமும்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். வேதபாட வகுப்பில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை ஆரம்பித்திருக்கிறோம். அந்த நேரத்தில் உன் கேள்வியும் வந்து சேர்ந்தது. அநியாயம் செய்தவன் செழிக்கிறான். பறிகொடுத்து வழக்காடுகிறவர்களிடம் "தேவனுடைய வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது என்கிறாய்.

முதலில், எந்த வாக்குத்தத்தத்தைச் சொல்லப்போகிறாய்? பெரும்பாலும் எரேமியா 29:11-ஐத்தான் நீட்டுவார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில், தேவன் உங்கள்பேரில் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம் அது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடித்து மாட்டுவதில்லை. எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அங்கே இருக்கிறது. (25:11-இல் அது பாபிலோனின் ஆளுகைக்குக் கொடுத்த கெடு. கி.மு. 605-இலிருந்து எண்ணிப் பார். ஏறக்குறைய எழுபது வருஷத்தில், 539-இல், பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசின் கைக்குப் போயிற்று.) அந்தக் கடிதத்தைக் கேட்ட மூப்பர்களில் அநேகர் அந்நிய மண்ணிலேயே அடக்கமாகியிருப்பார்கள். 28-ஆம் அதிகாரத்துக் கள்ளத்தீர்க்கதரிசி அனனியாவோ இரண்டே வருஷம் என்றான். ஜனங்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஐந்தாம் மாதம் அப்படிப் பேசினவன் ஏழாம் மாதம் செத்துப்போனான்.

நாம் சோர்ந்துபோவது பல நேரம் அனனியாவின் தேதியை தேவனுடைய தேதி என்று நம்பியதால்தான். அதனால் ஒரு வசனத்தை எடுக்கும்போதே கேட்டுவிடு: யாருக்குச் சொன்னது, எதைச் சொன்னது, காலம் குறித்ததா, அதுவரை என்ன செய்யச் சொன்னது. கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். 29:5-7-ஐப் பார். வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவை, சிறைப்பிடித்துப்போன பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணு. இத்தனையும் காத்திருக்கும் காலத்துக்கான வேலை.

32-ஆம் அதிகாரம் இன்னும் கடினம். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்து, தராசில் நிறுத்த வெள்ளி, முத்திரையிட்டது ஒன்று திறந்தது ஒன்று என இரண்டு பத்திரம், அவை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டம். நடைமுறையில் எதுவும் குறையவில்லை. பத்திரத்தைத் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்த பிறகுதான், "நகரமே போகிறதே, நிலம் வாங்கச் சொன்னீரே" என்ற கலக்கம் ஜெபத்தில் வெளிவருகிறது. கலக்கம் தீர்ந்த பின் கீழ்ப்படியலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இதைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் வசனத்தை முதலில் கொடுக்காதே. முறையிட இடம் கொடு. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது, அடுத்த இரண்டில் விண்ணப்பம், பிறகுதான் நம்பிக்கை. அதே வரிசையில் அவர்களையும் ஜெபிக்கச் சொல். ஐந்தாம் வசனத்துக்கு வர முடியாதவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளோடே முடிகிறது, வேதம் அதைத் திருத்தாமல் வைத்திருக்கிறது. அவசரமாக "ஆமென், எல்லாம் நன்மைக்கே" என்று முடித்துவைத்தால் அந்த மனிதர் அடுத்த முறை உன்னிடம் வாய் திறக்கமாட்டார்.

வழக்கை விட்டுவிடுவதுதான் விசுவாசமா என்றும் கேட்டிருந்தாய். இல்லை. ரோமர் 12:19 பழிவாங்குதலைத் தடுக்கிறது, நியாயம் கேட்பதை அல்ல. அதை எழுதிய பவுலே பின்னால் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார் (அப்போஸ்தலர் 25:11). ஆதாரங்களை ஒழுங்காகச் சேர்க்கட்டும், மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதிருக்கட்டும். தீர்ப்பு சாதகமாக வரும் என்று மட்டும் நீ வாக்குக் கொடுத்துவிடாதே. அப்படி ஒரு வாக்குத்தத்தம் இல்லை. விசுவாசத்தால் வாழ்ந்தவர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் 11-இல் பட்டயக்கருக்குக்கு (வாளின் கூர்மைக்கு)த் தப்பினவர்களும் இருக்கிறார்கள், பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே நற்சாட்சிதான்.

ஆபகூக் 2-இல் அநியாயக்காரரை எச்சரிக்கும் ஐந்து "ஐயோ"க்களை அடுத்த வகுப்பில் எடுக்கிறேன். கொள்ளையிட்டவனுக்கு விரோதமாய்க் கடன் கொடுத்தவர்கள் எழும்புகிற ஏழாம் வசனத்தை நீ எப்படி விளக்குவாய்? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்