டிராயிங் டீச்சருக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பழைய வண்ணாரப்பேட்டையில் எல்லோரும் நலம். கடையைக் காலையில் தம்பிதான் திறக்கிறான்.

புனேயில் பள்ளிக்கூட வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு, "இனிமே நான் டிராயிங் டீச்சர்தான்ப்பா, ஆர்ட்டிஸ்ட் எல்லாம் அவ்வளவுதான்" என்றாயே, போனில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி நீ பாடத்திலேயே படித்திருப்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியமேடு ஓவியக் கல்லூரிக்கு பிரேம் போட்டுக் கொடுக்கப் போன காலத்தில் அங்கிருந்த வாத்தியார்கள் பேசக் கேட்டது. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். முதலில் பார்த்தது தந்தி இலாகா வேலை. இருபத்தைந்து வயதில்தான், 1936இல், அந்தக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது தலைமையில் இருந்தவர் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர். படித்த இடத்திலேயே பணிக்கர் வாத்தியாரானார், 1957இல் முதல்வரும் ஆனார்.

இப்போது நீ ஒரு கணக்குப் போட்டுப் பார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை தொடங்கியது 1963இல். அதாவது முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து, அட்மிஷனும் ஆபீஸ் பைலும் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில். மலையாள எழுத்து மாதிரி வரிவரியாக இருக்கும், படித்தால் ஒன்றும் புரியாது. நடுவே கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள். (ஜாதகம் என்றதும் ஞாபகம் வருகிறது, உன் அம்மா மறுபடியும் தரகரைப் பார்க்கப் போயிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.) வேலையை விட்டால்தான் படம் வரும் என்று அவர் காத்திருந்தால் அந்த வரிசை எப்போது வந்திருக்கும்?

இன்னொன்று. அவரிடம் படித்த பிள்ளைகளுக்குப் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை. எல்லோரும் சேர்ந்து, மெழுகு ஊற்றிச் சாயம் போடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அதுதான் 1966இல் தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமம். துணியில் மெழுகு ஊற்றிச் சம்பாதித்ததால் அவர்கள் ஓவியர்கள் இல்லை என்று ஆகிவிட்டதா? பணிக்கர் 1977இல் போய்விட்டார், கிராமம் இன்னும் இருக்கிறது. அவரைப் பெரிய ஓவியர் என்கிறார்கள், சரி. பிள்ளைகளின் சோற்றுக்கும் யோசித்த வாத்தியார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சம்பளம் வரட்டும், வாடகை கட்டு. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. நீ வரைந்து முடிப்பதை கேன்வாஸைச் சுருட்டி பார்சலில் போடு. அளவை மட்டும் முன்னாலேயே வாட்ஸாப்பில் அனுப்பிவிடு. தேக்குச் சட்டம் இப்போது யானை விலை, சொந்த மகளுக்கு என்றாலும் வீணாக வெட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா