சந்தியாகோ மிதிவண்டி யாத்திரை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் அஸ்தோர்காவிலிருந்து, நம் ஊர்களில் சந்தியாகப்பர் என்று வணங்கப்படும் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா வரை, ஏறத்தாழ 260 கிலோமீட்டரை மலைமிதிவண்டியில் கடக்க முடிவாகியுள்ளது. நடந்து செல்பவர்களுக்கு 100 கிலோமீட்டர் போதும். மிதிவண்டியில் செல்பவர்கள் குறைந்தது 200 கிலோமீட்டர் கடந்தால்தான் யாத்திரைச் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், சிலர் கேட்டிருந்த, சந்தியாகோவிலிருந்து அவ்வளவு தொலைவில்லாத சாரியாவைத் தொடக்க ஊராக வைக்க இயலவில்லை. யாத்திரை அட்டையில் நாள்தோறும் இரண்டு முத்திரைகள் பெற மறக்க வேண்டாம். தேவாலயங்களில் மட்டுமன்றி, வழியோரக் காப்பிக் கடைகளிலும் முத்திரை வைத்திருப்பார்கள்.

ஏற்றத்தைவிட இறக்கமே எனக்குக் கவலை தருகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நெடிய மரக்கம்பத்தின் உச்சியில் நிற்கும் இரும்புச் சிலுவையைத் தாண்டிய பின், மொலினசேக்கா வரை ஏறத்தாழ 900 மீட்டர் கீழே இறங்க வேண்டும். நடைபாதையில் பெயர்ந்த கற்கள் மிகுதி என்பதால், மழை பெய்திருந்தால் தார்ச்சாலையிலேயே இறங்குவோம். இடையிலுள்ள எல் அசேபோவில், பயணத்தில் உயிரிழந்த மிதிவண்டி யாத்திரிகர் ஒருவருக்காக மிதிவண்டி வடிவிலேயே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். தேய்ந்த பிரேக் பேடுகளோடு வருபவரை, அவர் எவ்வளவு அனுபவசாலியானாலும், நான் இறங்க அனுமதிக்க மாட்டேன்.

சிலுவையடியில் வைப்பதற்கு அவரவர் ஊர்க் கூழாங்கல் ஒன்றைக் கொண்டுவரலாம்; சிறியதாக இருக்கட்டும், சுமப்பது நீங்கள்தான். பொது விடுதிகளில் நடந்து வருபவர்களுக்கே முன்னுரிமை என்பதால் தனியார் விடுதிகளில் முன்பதிவு செய்யவிருக்கிறோம்; வர விரும்புவோர் ஞாயிறு மாலைக்குள் பெயரை இங்கே பதிவிடவும்.