செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25
குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி, சென்னை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திரளாக வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்குகள் ஒருவழியாகச் சரியாகிவிட்டன. மழைநீர் வடிகாலில் வண்டல் அள்ளும் வேலை பருவமழைக்கு முன் பாதிதான் முடிந்தது, மீதிக்காக மனு கொடுத்திருக்கிறோம். பொங்கல் விழா நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கடந்த பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த பெரிய வேலை, வெள்ள காலத்தில் பயன்படும் தொடர்புக் கருவிகளை வாங்குவது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏன் வாங்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் செல்போன் எப்படிச் செத்துப் போனது என்று பார்த்தோம். மின்சாரம் போனதும் டவர் பேட்டரியில் ஓடும், அப்புறம் ஜெனரேட்டரில் ஓடும். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசலை யார் கொண்டு போய் ஊற்றுவது? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதால் நாம் தப்பித்தோம். அதற்கு முன் அக்டோபர் மழை அறிவிப்பு வந்ததுமே கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திய ஊர் நம்முடையது. காருக்கு இவ்வளவு யோசிக்கிறோம், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கும் யோசிக்க வேண்டாமா?

முதலில் வாக்கி டாக்கி. இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு செட்டைப் பலரும் பரிந்துரைத்தார்கள். அதிக சக்தி, நிறைய அலைவரிசை, விலையும் குறைவு. ஆனால் உரிமம் இல்லாமல் அதில் பேசுவது சட்டவிரோதம். நம் நாட்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய கைச்செட்டுகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் மட்டும் இயங்க வேண்டும், அவற்றுக்கும் மத்திய அரசின் வகை ஒப்புதல், அதாவது அந்த மாடலுக்கான அங்கீகாரம், இருக்க வேண்டும். விதியை மீறிய செட்டுகள் ஆன்லைனில் தாராளமாக விற்கப்படுவதால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நாம் ஒப்புதல் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே ஆறு செட் வாங்கினோம். மொட்டை மாடிக்கு மாடி நம் தெருக்கள் முழுவதும் கேட்கிறது. தரைத்தளத்தில் கதவை மூடிக்கொண்டு பேசினால் அடுத்த தெருவுக்கே எட்டவில்லை.

விற்பவர்கள் ‘பிரைவசி கோட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அது மற்றவர்கள் பேசுவது நம் காதில் விழாமல் தடுக்கும், நாம் பேசுவதை மற்றவர்கள் கேட்காமல் தடுக்காது. ஆகவே இந்தச் செட்டில் ‘படகு வந்துவிட்டது’, ‘பால் பாக்கெட் வேண்டும்’ என்பது போன்ற செய்திகள் மட்டும்தான். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த அம்மா தனியாக இருக்கிறார் என்பதை அதில் சொல்லக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அந்த மாதிரிச் செய்திகளுக்காக, குறைந்த மின்சக்தியில் நீண்ட தூரம் செய்தி அனுப்பும் லோரா வகை ரேடியோக் கருவிகளை, மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருளோடு, சோதித்தோம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சாதனம். ப்ளூடூத்தில் போனோடு இணைத்துக் குறுஞ்செய்தி அனுப்பலாம். பேச முடியாது. டவரும் வேண்டாம், இணையமும் வேண்டாம், ஒரு கருவி அடுத்த கருவிக்குச் செய்தியைக் கைமாற்றி விடும். இந்தியாவுக்கான அமைப்பில் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும், அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆன்டெனா மாட்டாமல் ஆன் செய்தால் ரேடியோ பகுதி கெட்டுவிடலாம் என்பதைக் கருவி வைத்திருப்பவர்கள் மறக்க வேண்டாம். செய்தி மறையாக்கத்தோடுதான், அதாவது சாவி (ரகசியக் குறியீடு) இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான், போகிறது. ஆனால் வாங்கியவுடன் அதில் இருக்கும் சாவி எல்லாக் கருவிக்கும் ஒன்றே, உலகத்துக்கே தெரிந்தது. நம் சாவியை மாற்றினோம். மாற்றிய மறுநாளே புதிய சாவி அடங்கிய க்யூஆர் கோடை ஓர் உறுப்பினர் ஆர்வத்தில் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார், சரி என்று மறுபடியும் மாற்றினோம். இனி சாவி நேரில் மட்டும்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் சாட்டிலைட் கருவி கொண்டு வருவதாக ஓர் உறுப்பினர் அன்போடு சொன்னார். தயவுசெய்து வேண்டாம். துராயா, இரிடியம் போன்ற சேவைகளின் போன்களை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பதே குற்றம், இதற்காக வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் கைதாகியிருக்கிறார்கள். உரிய அனுமதியோடு கிடைக்கும் பி.எஸ்.என்.எல். சாட்டிலைட் போன் நம் சந்தாவுக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டுவாரிப் பட்டியலை வைத்திருக்கும் கணினிக்கு, இராணுவத் தரம் என்று விளம்பரம் செய்யும் மடிக்கணினியை வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. அந்த விலையில் பழைய அலுவலக மடிக்கணினிகள் நாலைந்து வாங்கலாம். அப்படி ஒன்றை வாங்கி, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து, தண்ணீர் புகாத பையில் போட்டு முதல் மாடியில் வைத்திருக்கிறோம். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலாகப் பார்த்து எடுத்தது முக்கியம், பவர் பேங்கிலேயே ஓட்டலாம். பவர் பேங்கில் எழுதியிருக்கும் 20,000 எம்ஏஎச் முழுவதும் போனுக்கு வந்து சேராது, ஏறக்குறைய அறுபது சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைத்திருப்பவர்கள் இந்தப் பருவமழைக்குள் மேலே ஏற்றிவிடுங்கள்.

அந்த மடிக்கணினியில் இருப்பது வீட்டுவாரிப் பட்டியல். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், வெளியூரில் இருப்பவர்களின் வீடுகள் என எல்லாம் அதில் உண்டு. மீட்புப் படைக்கு இதைவிட உதவியான காகிதம் கிடையாது, திருடனுக்கும் அப்படித்தான். போன வருடம் வரை இது ஒரு கூகுள் ஷீட்டாக, சுட்டி வைத்திருக்கும் எவரும் திறக்கும்படி இருந்தது. அதை நீக்கிவிட்டோம். ஆதார் எண்ணையும் சேர்க்கலாம் என்று சிலர் கேட்டார்கள். படகில் ஏற்ற ஆதார் எதற்கு? சேர்க்கவில்லை. கடவுச்சொல் தலைவரிடமும் என்னிடமும் உண்டு. மின்சாரமே இல்லாத நாளுக்காக ஓர் அச்சுப் பிரதி மூடி முத்திரையிட்ட உறையில் தலைவர் வீட்டில் இருக்கிறது. பெயரை எடுத்துவிடச் சொன்ன இரண்டு குடும்பங்களின் விவரத்தை எடுத்துவிட்டோம்.

வெள்ள நாளில் தகவல் கேட்க, பென்சில் பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோக்கள் மூன்று வாங்கியிருக்கிறோம். போனிலேயே எஃப்.எம். இருக்கிறதே என்பவர்களுக்கு: பல போன்களில் அந்த வசதியே இப்போது இல்லை, இருந்தாலும் ஒயர் உள்ள ஹெட்செட் செருகினால்தான் கேட்கும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு விஷயங்களை வைக்கிறேன். ஒன்று, நம் உறுப்பினர்களில் இரண்டு பேராவது அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ, தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 2015 வெள்ளத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் செய்த உதவி நமக்குத் தெரியும். அதில் மறையாக்கம் செய்து பேச அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கட்டணத்தைச் சங்கமே ஏற்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து. இரண்டு, லோரா கருவிகள் இன்னும் நான்கு தேவை. ஏரிப்பக்கத் தெருக்களில் செய்தி விட்டு விட்டுத்தான் போகிறது, அங்கே உயரமான மாடி தர முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்