எங்கள் தெருவுக்கு வந்த கலைஞர்களுக்கும் துணை நின்றவர்களுக்கும்

அன்புள்ள நெல்லைச் சொந்தங்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக நம்ம ஊர்க் கலைஞர்களை அழைத்திருந்தோம். அன்றைக்குக் கை கொடுத்த எல்லோரையும் வீடு தேடி வந்து கும்பிட ஆசை. ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி பத்தமடை அம்மாவுக்கு. நாலு பாய் கொண்டு வந்தால் போதும் என்றுதான் கேட்டிருந்தோம். "வெறும் பாயப் பாத்து புள்ளைய என்ன செய்யப் போவுது? நெய்யுறதப் பாக்கட்டும்" என்று தறியையே கொண்டு வந்துவிட்டார். தரையோடு தரையாகப் பருத்தி நூலை நெடுக்குப் பாவாக இழுத்துக் கட்டி, அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்தார். குச்சி ஊசியில் கோரையைக் கோத்து நூலுக்குள் விட்டு, கோரையை நெருக்குகிற அச்சை இழுத்து ஒரு அடி. அடுத்த கோரை, அடுத்த அடி. கோரையைப் பச்சையாகக் கீறி ஆற்றில் ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவது, ஊறி உப்பியதும் காயவைப்பது, சாயம் ஏற்றுவது எல்லாவற்றையும் கை ஓட ஓடவே சொன்னார். பட்டுப்போல மெல்லிசான பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும் என்றதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். 1953இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போன கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அம்பாசமுத்திரம் ரோட்டில் பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில் இருக்கிற அந்த விரல்களைத்தான் பலரும் அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தோம்.

மத்தியானத்துக்குமேல், கோயில் கொடைகளில் சாமி கதை பாடி ஆடுகிற கணியான் கூத்துக் குழு வந்தது. ஓலையைக் கொளுத்தி மகுடம் என்கிற தோல் கொட்டு இரண்டையும் அனலில் காட்டினார்கள். விரலால் தட்டிப் பார்த்து, போதாது என்று மறுபடியும் காட்டினார்கள். ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம்; இரண்டும் சேர்ந்து பேசத் தொடங்கியதும் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிட்டது. பெண் வேடம் கட்டிய இரண்டு அண்ணன்மாரும் ஆடிய ஆட்டத்தில் தெருப்புழுதி எழும்பியது. கதை பாடுகிற தலைவரான அண்ணாவி சுடலைமாடன் கதையை எடுத்து, ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல கோயில்லதான் பாடணும், சாமி வர்ற இடம்" என்றார். வற்புறுத்தாமல் கேட்டுக்கொண்ட எங்கள் தெருக்காரர்களுக்கும் அதற்காகவே ஒரு நன்றி. கொடைத் திருவிழாக் காலத்தில் விடிய விடிய நம் காதில் விழுகிற இந்த இசையை எட்ட நின்று கேட்டே பழகிவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வித்தை இது. நெல்லைச் சீமைக்கென்று ஒரு தாளம் உண்டு என்றால் அது மகுடத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மரச் சொப்பு கொண்டு வந்து கடை விரித்த அண்ணாச்சி, காருகுறிச்சியிலிருந்து மண்பானை, அடுப்போடு வந்த தாத்தா, உங்கள் இருவருக்கும் நன்றி. காருகுறிச்சி என்றதும் அருணாசலத்தின் நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்ட பெரியவர்கள், தாத்தாவோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தறியைக் கட்டை கழன்றுவிடாமல் பத்தமடையிலிருந்து கொண்டு வந்து, திரும்பவும் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட லோடு ஆட்டோ அண்ணாச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல! டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வாடகை கேட்காமல் மண்டபத்து முற்றத்தைத் திறந்துவிட்டவருக்கும், சொதியும் இஞ்சிப் பச்சடியுமாக அத்தனை பேருக்கும் பந்தி போட்ட மதினிமாருக்கும் நன்றி.

கலைஞர்களுக்குக் கூலியை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும், வெறும் பொன்னாடையோடு அனுப்பிவைக்கக் கூடாது என்று நாங்கள் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு வீடு பணம் போட்டீர்களே, அதுதான் என் மனசை நிறைத்தது. வந்தவர்கள் உட்காருவதற்கு முன்னாலேயே கவரைக் கையில் கொடுத்தோம்.

செலவு போக மிச்சம் இருந்த பணத்தை மகுடத்துக்குப் புதுத் தோல் மாற்றக் குழுவிடமே கொடுத்துவிட்டோம். பத்தமடை அம்மாவிடம் பாய்க்குச் சொல்லிவைத்தவர்கள், அவசரப்படுத்தாமல் அவர் சொன்ன நாளில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். பங்குனியில் கொடைக்கு வரச்சொல்லி அண்ணாவி அழைத்திருக்கிறார். வேன் பேசியாகிவிட்டது, வருகிறவர்கள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
தெருக்காரர்கள் சார்பில் உங்களில் ஒருத்தி