பெயர் தெரியாத ஒரு குடும்பத்தாருக்கு

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உறுப்பு தானம் செய்த உங்களுக்கு நன்றி சொல்லப் பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எடுத்துக்கொள்பவள். பணம் கட்டும் கவலை வராமல் காப்பாற்றிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு நன்றி. "முடிஞ்சிருச்சும்மா, அவ்ளோதான்" என்று பொய் சொல்லியே ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) இரண்டு ஊசியையும் ஏற்றிவிடும் டெக்னீஷியன் தம்பிக்கும், பிரஷர் இறங்கிக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் ஓடிவரும் சிஸ்டர்களுக்கும், வாசலில் காத்துக் கிடந்துவிட்டு வெயிட்டிங் காசு வாங்காத ஆட்டோ பாய்க்கும் நன்றி. காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சமைத்துக் கொடுத்தனுப்பும் சபைப் பெண்களுக்கும்தான். (இளநீரோடு பார்க்க வந்தவர்களே, பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் உங்கள் பெயரைச் சொல்லிக் குடித்தார்.)

இனி பக்கத்துக் கட்டில் அக்கா. தீவிர முருக பக்தை. ஊசி ஏறும்போது நான் கண்ணை மூடி 121ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பதைப் பார்த்து, "என்ன மந்திரம் அது?" என்று அவராகத்தான் கேட்டார். கேட்காமல் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். மெஷினோடு பிணைத்துப் போட்டிருக்கும் ஒருவரால் எழுந்து போக முடியாது. அவரிடம் பிரசங்கம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் கேட்ட பிறகு நிறையப் பேசினோம். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமான பெரும்பாடுள்ள ஸ்திரீ, தீராத ரத்தப்போக்கால் பன்னிரண்டு வருஷம் அவதிப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியத்துக்கே செலவழித்தவள் என்று சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். "அப்பவேவா? நானும் வளையல வித்தேன்."

அக்காவுக்கு ஓ பிளட் குரூப். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். "சீக்கிரம் கிடைக்கணும்னு ஜெபிக்கிறேன்" என்றேன் ஒருநாள். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அத மட்டும் உங்க சாமிகிட்ட கேக்காத தங்கச்சி. யாரோ வீட்டுப் புள்ள சாகணும்னு கேக்குற மாதிரி ஆயிடும்."

பதில் சொல்ல வரவில்லை. டெக்னீஷியன் தம்பிதான், மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்து உறுதி செய்யும், அதற்கு அப்புறம்தான் தானம் பற்றிய முடிவே என்று விளக்கினார். எங்கள் சபை ஐயரிடமும் (போதகரிடமும்) கேட்டேன். "உன் ஜெபத்தால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னதை விட்டுவிடாதே. எங்கோ அழப்போகும் அந்த வீட்டுக்காக ஜெபி" என்றார். அக்காவிடம் சொன்னேன். "அது கேளு" என்றார். அன்று முதல் அதைத்தான் கேட்டோம், அவர் அவருடைய முருகனிடம், நான் ஆண்டவரிடம்.

நடுராத்திரியில் ஒருநாள் அக்காவுக்கு அழைப்பு வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் இறங்கிவிட்டது. ஆசை தீரத் தண்ணீர் குடிக்கிறேன் என்று போனில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தானம் கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குச் சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்த நிலையிலும், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்துப் போட்டீர்களே, அதற்கு நன்றி.

எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் "பெயரறியாத ஒரு குடும்பத்தார்" என்று ஐயர் ஜெபிப்பது உங்களுக்காகத்தான். கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால், அக்கா தன் மகனை வடபழனிக்கு அனுப்பி உங்களுக்காக அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறார். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டாராம். தெரியாது என்றதும் சாமி பேருக்கே செய்துகொடுத்திருக்கிறார்.