பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வீட்டுக் குறிப்புப் பகுதியில், காய்ச்சல் கண்ட நாய்க்கும் பூனைக்கும் பாதிப் பனடோலைக் கரைத்துப் பருக்கினால் போதும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை நம்பி யாராவது பூனைக்குப் பாதி மாத்திரை கொடுத்தால், அந்தப் பூனை பிழைப்பது அரிது. திருகோணமலையில் மீன் சந்தையிலிருந்து கடற்கரை வாடிகள் வரை பூனைகளுக்குக் குறைவில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போனால் பூனை வளர்க்காத வீடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே இந்த மறுப்பை அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோலை மனிதனின் ஈரல் பக்குவப்படுத்திச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. அதற்கு ஒரு நொதியம் தேவை. பூனையின் ஈரலில் அந்த நொதியம் வேலை செய்வதில்லை. அதை உருவாக்க வேண்டிய மரபணு பூனையில் பழுதடைந்து கிடப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். வீட்டுப் பூனையில் மட்டுமல்ல, சிங்கம் உட்படப் பூனைக் குடும்பத்தின் மற்ற விலங்குகளிலும் இதே நிலைதான். இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த முன்னோருக்குச் செடிகொடிகளின் நஞ்சை முறிக்கும் தேவை இருக்கவில்லை, பயன்படாத மரபணு காலப்போக்கில் கெட்டுப்போயிற்று என்பது அவர்கள் தரும் விளக்கம். வெளியேற வழியில்லாத மருந்து உடலுக்குள்ளேயே நஞ்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. பூனையின் ஈமோகுளோபின் இயல்பிலேயே எளிதில் கெடக்கூடியது. அது கெட்டுவிட்டால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. காற்று நிறைந்த அறையிலேயே அந்தச் சீவன் மூச்சுத் திணறிச் சாகும்.

அந்தக் குறிப்பில் சொன்ன அளவையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். வளர்ந்த பூனையின் எடை 4 கிலோ என்று வைத்தால், பாதி மாத்திரை கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டுகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சேறிய பூனைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. குழந்தைகளுக்கான பாணிமருந்து மென்மையானது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் ஒரு தேக்கரண்டியில் இருக்கும் 120 மில்லிகிராமே ஒரு பூனைக்கு ஆபத்தானது. பூனைக்குப் பாதுகாப்பான பனடோல் அளவு என்று ஒன்று கிடையாது.

எங்கள் பாலையூற்று ஒழுங்கையில் இது நடந்ததைக் கண்ணால் கண்டவள் நான். பக்கத்து வீட்டு அக்கா மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்த பூனைக்குக் காலையில் மாத்திரை கொடுத்திருக்கிறார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். பூனையின் முகமும் முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, சாயத்தண்ணீர்க் கறை பிடித்த கோப்பையின் அடியைப் போலப் பழுப்பாகக் கிடந்தது. ஓட்டோ பிடித்துப் புறப்பட்டோம், வைத்தியரின் வாசலை அடையுமுன்னே அது போய்விட்டது. "காய்ச்சலுக்குத்தானே கொடுத்தேன் தங்கச்சி" என்று அவர் அழுததற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருக்கு யாருமே இதைச் சொல்லியிருக்கவில்லை.

நாய் பூனையை விடக் கூடுதலாகத் தாங்கும். என்றாலும் அளவு மீறினால் ஈரல் கெடும். நம்மூர் நாய்களைப் பொறுத்தவரை எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. இங்கே நாய்க்குக் காய்ச்சல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிகள் பரப்பும் நோயை. பபேசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். ஏர்லிக்கியா என்ற பற்றீரியா வெள்ளணுக்களைப் பிடிக்கும். ஈறு வெளிறும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகலாம், நாய் எழுந்து வர மாட்டாது. காது மடலின் ஓரத்தில் ஊசியால் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே பல வேளைகளில் காரணம் தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குரியதை மற்றதற்குக் கொடுத்துப் பயனில்லை. பனடோல் கொடுத்து உடல் சூட்டைத் தணித்தால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், நாமோ சுகமாகிவிட்டது என்று நம்பி நாட்களைக் கடத்துவோம். மூட்டு வலிக்கு நாம் விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் மாத்திரைகளும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. சொறிக்குப் பழைய என்ஜின் ஒயில் பூசும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கி விழுங்குகிறது. சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணிகளைக் கொல்ல இன்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

ஓர் உயிருக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்குக் குதிரையும் சாட்சி. இதே பரசிட்டமோலைக் குதிரைகளுக்கு வலிநிவாரணியாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், அவை தாங்கிக்கொள்கின்றன. பூனைக்கு நஞ்சாகக்கூடிய அளவு அது. நாயின் முதுகில் உண்ணிக்காக ஊற்றும் பேர்மெத்ரின் கலந்த மருந்துகளும் அப்படித்தான். நாய்க்குப் பிரச்சினையில்லை, பூனையின் மேல் ஊற்றினால் உடல் நடுங்கி வலிப்பு வரும். மருந்துப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தாலும், அந்தப் பொடி எழுத்து ஆங்கிலம் வாசிக்காத ஒரு தாய்க்கு எந்த வகையில் உதவும்?

பேராதனை மிருக வைத்திய பீடத்தில் படித்துவிட்டு வரும் வைத்தியர்களுக்கு நான் எழுதியதெல்லாம் பால பாடம். அது தமிழில், நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம். மாவட்டத்தின் மருந்துக்கடைகள் ஒவ்வொன்றிலும், பணம் செலுத்தும் இடத்தில், "பூனைக்குப் பனடோல் கொடுக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அறிவித்தல் ஒட்டினால் என்ன? கால்நடை வைத்திய அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் அதையே செய்யலாம். உங்கள் பத்திரிகையும் வளர்ப்புப் பிராணிகள் பற்றிய குறிப்புகளை ஒரு வைத்தியரிடம் காட்டிய பிறகே வெளியிட வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு: அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்துக்குள் நிலைமை கைமீறிவிடும். உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அளவுமீறிப் பனடோல் விழுங்கிய மனிதருக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்துதான் பூனைக்கும் கொடுக்கப்படுகிறது. நேரத்தோடு கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி,
பாலையூற்று, திருகோணமலை.