நாடகக் குழுவின் கணக்கைக் குழுவுக்குக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெச்சூர் நாடகக் குழுக்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, வேலை முடிந்த கையோடு ஒத்திகைக்கு ஓடிவரும் நடிகர்களின் ஆர்வத்தை மனமாரப் பாராட்டிவிட்டு, இவர்களில் யாரும் பணத்துக்காக நடிப்பவர்கள் அல்லர் என்று முடிந்திருந்தது. பாராட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், நீண்ட காலமாக மேடைக்குப் பின்னால் வேலை பார்த்துவருபவன் என்ற முறையில், அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியே எத்தனை கணக்குகள் மூடிவைக்கப்படுகின்றன என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஊதியமில்லாமல் நடிப்பதே தவறு என்று வாதிட நான் வரவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலந்தொட்டு, நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் ஆர்வத்துக்காக மேடையேறும் மரபு நம்மிடையே மதிப்போடு இருந்துவருகிறது. ஒரு குழுவில் எல்லோரும் ஊதியமின்றி உழைத்து, செலவையும் சேர்ந்தே ஏற்று, மிஞ்சியதை அடுத்த நாடகத்துக்கு எடுத்துவைப்பார்களானால் அதில் யாருக்கும் மனக்குறை வர நியாயமில்லை. சிலருக்குப் பணம் போய், சிலருக்குப் போகாமல், யாருக்கு எவ்வளவு என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முன்பணம் கட்டாமல் எந்த அரங்கிலும் தேதி கிடைக்காது. ஒளியமைப்பாளர் விளக்குகளை இறக்கும்போதே பாதித் தொகையைக் கேட்பார், ஒலியமைப்பாளரும் அப்படியே. ஒப்பனைக் கலைஞர் பெட்டியை மூடுவதற்குள் அவருடைய கூலியைக் கையில் கொடுத்தாகவேண்டும். மேடைப் பொருள்களை ஏற்றிவந்த வண்டிக்காரரிடம் கடன் சொன்னால் கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்கமாட்டார். இவர்கள் அத்தனை பேருக்கும் கொடுப்பது முற்றிலும் நியாயம், ஏனென்றால் அது அவர்கள் உழைப்பு. மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வந்த நடிகரும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவரும், எல்லோருக்கும் உடை தைத்துக்கொடுத்த பெண்மணியும் செய்தது மட்டும் உழைப்பில்லையா? இவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்திருப்பதால்தான் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். இன்னும் சில இடங்களில், தொலைக்காட்சியில் முகம் தெரிந்த ஒருவரை முக்கிய வேடத்துக்கு அழைத்துவந்து, அவருக்கு மட்டும் ஓர் உறை போய்ச்சேரும். அவருக்குக் கொடுக்கவேண்டாம் என்பதில்லை. ஆனால் அவரோடு அதே மேடையில் நிற்கும் மற்றவர்களிடம், இது சேவை நாடகம், யாருக்கும் ஊதியம் கிடையாது என்று சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் பொய்தான்.

நடிகர்கள் தங்கள் கைப்பணத்தைப் போடுவதும் உண்டு. ஆளுக்கு இத்தனை சீட்டு விற்றுத் தரவேண்டும் என்று பிரித்துக் கொடுத்து, விற்காத சீட்டுகளின் பணத்தை நடிகரிடமே வாங்கும் வழக்கத்தைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். கூச்ச சுபாவம் உள்ளவர், உறவினரிடமும் நண்பரிடமும் கேட்கத் தயங்கி, பேசாமல் தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிடுவார். இப்படி வந்த பணம் வரவுப் பக்கத்தில் சீட்டு வசூலாக ஏறிவிடும். நடிகர் கொடுத்த நன்கொடை என்று எங்கேயும் பதிவாகாது.

ஊதியத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு என்று வாக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கவேண்டும். வசூலில் பங்கு என்பதும் லாபத்தில் பங்கு என்பதும் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது. மொத்த வசூல் 100 என்று வைத்துக்கொள்வோம். வசூலில் 10 விழுக்காடு நடிகர்களுக்கு என்றால் 10 வந்துவிடும். லாபத்தில் பாதி நடிகர்களுக்கு என்றால், கேட்பதற்கு அது ஐந்து மடங்கு தாராளமாகத் தெரியும். ஆனால் செலவு 98 என்று எழுதப்பட்டால் அந்தப் பாதி வெறும் 1 ஆகிவிடும். அந்த 98-ஐ எழுதுபவர் யார், இயக்குநர் தனக்கென எடுத்துக்கொண்ட தொகை அதற்குள் இருக்கிறதா, சென்ற நாடகத்தின் பழைய கடனும் அதில் சேர்ந்ததா, இலவச அனுமதிச்சீட்டில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் தெரியாத நிலையில், லாபத்தில் பங்கு என்ற வாக்குறுதிக்கு எந்தப் பொருளும் இல்லை.

நான் பணியாற்றிய ஒரு குழுவில், பலமுறை கேட்டபின் ஒரு தாளைக் காட்டினார்கள். அரங்க வாடகை, விளக்கு, ஒப்பனை எல்லாம் சில்லறை வரை துல்லியமாக எழுதப்பட்டிருந்தன. அவற்றின் கீழே 'இதரச் செலவு' என்று ஒரே வரி. விளக்குக்கும் ஒப்பனைக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அந்தத் தொகை அதிகம். வரவுப் பக்கத்தில் சீட்டு வசூல் மட்டுமே இருந்தது. நாடக மலருக்காக நாங்களே அலைந்து வாங்கிக்கொடுத்த விளம்பரங்களின் பணத்தைக் காணோம். கேட்டதற்கு, அது குழுவின் வளர்ச்சி நிதிக்குப் போயிற்று என்று பதில் வந்தது; அப்படி ஒரு நிதி இருப்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நான் இன்றுவரை சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. அதே காரணத்தால், எடுக்கவில்லை என்று அந்த அமைப்பாளரால் நிறுவவும் முடியவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு நட்டப்படும் நேர்மையான அமைப்பாளர்கள் நிறைய உண்டு. கணக்கைக் காட்டாத வழக்கம் அவர்கள் மீதும் சேர்த்தே சந்தேகத்தைப் பூசுகிறது.

மேடைக் கணக்கு இன்றைக்குப் புதிதாக எழுந்த பேச்சன்று. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் ரோஸ் அரங்கை நடத்திய பிலிப் ஹென்ஸ்லோ, 1592-இலிருந்து எழுதிவைத்த கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. எந்த நாடகத்துக்கு அன்று என்ன வரவு, நாடகாசிரியருக்கு எவ்வளவு கொடுத்தது, உடைக்கு எவ்வளவு ஆனது என்பதெல்லாம் அதில் உள்ளன. ஹென்ஸ்லோ ஒன்றும் தருமப்பிரபு அல்லர். நடிகர்களுக்கும் நாடகாசிரியர்களுக்கும் கடன் கொடுத்துத் தன் பிடியில் வைத்திருந்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனாலும் எழுதிவைத்தார். பிரான்சில் நாடகாசிரியர் பூமார்ஷே, தம் நாடகத்துக்கு உரிய பங்கை அரங்கத்தார் ஒரு தொகையாக நீட்டியபோது, அதற்கான கணக்கையும் பொறுப்பேற்றுத் தரவேண்டும் என்று கேட்டார். அந்தத் தகராறிலிருந்து 1777-இல் நாடகாசிரியர்களின் அமைப்பு ஒன்று பிறந்தது. 1791-இல் ஆசிரியரின் அனுமதியின்றி அவர் நாடகத்தை மேடையேற்றக்கூடாது என்று அந்நாட்டில் சட்டமே வந்தது. இன்றைய அமெச்சூர் குழுக்கள் பலவற்றில் எழுத்தாளருக்கு உரிய தொகைதான் முதலில் வெட்டுப்படுகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் போட்டால் சிறிய குழுக்கள் இழுத்து மூடவேண்டியதுதான் என்பார்கள். அந்த அச்சம் வெறும் சாக்கு அன்று. 99 இருக்கைகளுக்கு மேற்படாத லாஸ் ஏஞ்சலஸ் அரங்குகளில் தங்கள் உறுப்பினர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தரப்படவேண்டும் என்று அமெரிக்க நடிகர் சங்கம் 2015-இல் முடிவெடுத்தபோது, அவ்வூர் உறுப்பினர்களிடம் எடுத்த கருத்து வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் அதை எதிர்த்தே வாக்களித்திருந்தார்கள். தொழில்முறை நடிகர்களே, நடிக்கும் வாய்ப்பு பறிபோய்விடும் என்று கூலியை வேண்டாம் என்றார்கள். ஆகவே, அமெச்சூர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கூலி விகிதத்தைச் சுமத்துவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கணக்கைக் காட்டுவதால் எந்தக் குழுவும் மூடவேண்டிவராது. அதற்கு ஆவது ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும்.

முதல் ஒத்திகைக்கு முன்பே, யாருக்கு ஊதியம், யாருக்கு இல்லை, போக்குவரத்துச் செலவு எவ்வளவுவரை கிடைக்கும், லாபம் வந்தால் எப்படிப் பிரியும், நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்பதை எழுதி எல்லோருக்கும் ஒரு படி கொடுத்துவிடவேண்டும். நட்டத்தைப் பற்றி யாரும் பேச விரும்பாததால் அதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நாடகம் முடிந்து ஒரு மாதத்துக்குள், விற்ற சீட்டின் அடிக்கட்டை, இலவசச் சீட்டின் எண்ணிக்கை, நன்கொடை, விளம்பர வரவு, செலவு ரசீதுகள் ஆகியவற்றோடு கணக்கைக் குழுவின் முன் வைக்கவேண்டும். பணத்தை வாங்குபவரும் கணக்கை எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. எங்கள் சங்கம் பதிவுபெற்றது, ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கணக்கு வைக்கிறோம் என்று சில குழுக்கள் சொல்லக்கூடும். அந்தக் கணக்கு உறுப்பினர்களுக்கானது. ஒரே ஒரு நாடகத்துக்கென அழைத்துவரப்பட்ட நடிகருக்கோ பாடகருக்கோ அந்தப் பொதுக்குழுவில் நாற்காலி கிடையாது.

நாடகப் போட்டிகளையும் விழாக்களையும் நடத்துவோர், குழுக்களிடம் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் கேட்கும் அதே விண்ணப்பத்தில், முந்தைய நாடகத்தின் கணக்கு அதில் பங்கேற்ற அனைவருக்கும் காட்டப்பட்டதா என்று ஒரு கேள்வியையும் சேர்க்கலாம். அதன் கீழே, அமைப்பாளர் அல்லாத ஒரு நடிகரின் கையொப்பத்தையும் கேட்கலாம். தங்கள் இதழ் அடுத்தமுறை இக்குழுக்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, நிருபர் அமைப்பாளரிடம் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், துணை வேடத்தில் நடித்த ஒருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டுவந்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மேடைப் பணியாளராக இருக்கும் ஒரு வாசகர்